பாழுங்கிணற்றை ஆலைக் கழிவால் தூர்க்கலாமா?

கானாடுகாத்தான் போன்ற வானம் பார்த்த ஊர்களில் நீர் வற்றிக் கைவிட்ட கிணறுகளும், சரளை அள்ளிய பள்ளங்களும் ஆங்காங்கே இருக்கும். "செலவில்லாமல் மூடித் தருகிறோம்" என்று யாராவது லாரியுடன் வந்தால், பள்ளம் தூர்ந்தால் சரி என்றே எண்ணத் தோன்றும். கொட்டுவது இரசாயன ஆலைக் கழிவானால், அக்கம்பக்கத்துப் பாசனக் கிணறுகளும் குடிநீர்க் கிணறுகளும் சேர்ந்து கெடும்.

ராணிப்பேட்டை தரும் பாடம்

ராணிப்பேட்டையில் 1970-களில் தொடங்கிய குரோமேட் ஆலை ஒன்று 1990-களில் மூடப்பட்டது. அது விட்டுச் சென்ற கழிவு ஒன்றரை லட்சம் டன்னுக்கும் அதிகம். கழிவில் இருந்த ஆறு இணைதிறன் குரோமியம் நீரில் எளிதில் கரையும், புற்றுநோயும் உண்டாக்கும். மழை பெய்தபோதெல்லாம் அது கரைந்து நிலத்தடி நீரில் இறங்கியது. ஆலை நின்றது, மாசு நிற்கவில்லை.

குடிநீரில் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமுக்கு மேல் குரோமியம் இருக்கக் கூடாது என்பது இந்தியத் தர நிர்ணயம். அதாவது, கரைந்த 1 கிராம் குரோமியம் 20,000 லிட்டர் நீரை அந்த எல்லைக்குக் கொண்டுவந்துவிடும்.

கவனிக்க வேண்டியவை

1. நீர் மிகவும் கெட்ட பிறகே மஞ்சள் நிறம் தெரியும். தெளிவாக இருப்பதால் மட்டும் நல்ல நீர் ஆகாது.

2. கொதிக்க வைத்தால் கிருமி சாகும், உலோகம் போகாது. நீர் சுண்டச் சுண்ட அதன் செறிவு கூடவே செய்யும்.

3. வழக்கமான பாசன நீர்ப் பரிசோதனை உப்பையும் கார அமிலத் தன்மையையும் காட்டும். சந்தேகம் இருந்தால் கன உலோகப் பரிசோதனை வேண்டும் என்று தனியாகக் கேட்க வேண்டும். மோட்டாரைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, சுத்தமான பிளாஸ்டிக் பாட்டிலில் நீர் பிடிக்கலாம்.

4. பாழுங்கிணற்றை நல்ல மண்ணால் மட்டுமே தூர்க்க வேண்டும். பூச்சிமருந்துப் புட்டிகளையும் அதில் போடக் கூடாது.

5. கண்மாய், ஊருணி, புறம்போக்கு நிலங்களில் யாராவது கழிவு கொட்டினால், வண்டி எண், நாள், இடம் ஆகியவற்றைக் குறித்து, கிராம நிர்வாக அலுவலருக்கும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் எழுத்தில் புகார் தர வேண்டும். 2016-ஆம் ஆண்டு விதிகளின்படி, அபாயகரமான கழிவை அனுமதி பெற்ற இடத்துக்கே அனுப்ப வேண்டும்.

கெட்ட நிலத்தடி நீரைத் திருத்தப் பல ஆண்டுகள் ஆகும். கொட்டும் முன் லாரியைத் திருப்பி அனுப்ப ஒரு சொல் போதும்.