எல்லை தாண்டும் பிள்ளைகள்: பெற்றோரே கொண்டுபோனால் சட்டம் என்ன சொல்கிறது?

பிள்ளை கடத்தல் என்றதும், முன்பின் அறியாத ஒருவர் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடுவதே நம் நினைவுக்கு வரும். பெற்ற தாயோ தந்தையோ தம் பிள்ளையையே கடத்த முடியுமா என்று மாணவிகள் என்னிடம் வியப்போடு கேட்டதுண்டு. முடியும். ஒரு நாட்டில் வாழ்ந்துவந்த பிள்ளையை, அப்பிள்ளைமீது உரிமையுள்ள மற்றப் பெற்றோரின் சம்மதமின்றி வேறொரு நாட்டுக்குக் கொண்டுசெல்வது சட்டத்தின் பார்வையில் தவறாகலாம். விடுமுறைக்கென்று அழைத்துவந்து திருப்பி அனுப்பாமல் வைத்துக்கொள்வதும் அவ்வாறே.

இது எங்கோ நடக்கும் கதையன்று. தென்மராட்சியில் வெளிநாட்டில் உறவில்லாத வீட்டைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். 1990 ஒக்டோபரில் சாவகச்சேரி முஸ்லிம்கள் ஊரைவிட்டு வெளியேற்றப்பட்ட பின் நம் குடும்பங்கள் பல திக்குகளிலும் சிதறின. யுத்தம் இங்குள்ள தமிழ்க் குடும்பங்களை இலண்டனுக்கும் ரொறன்ரோவுக்கும் கொண்டுசென்றது. கலியாணங்கள் கடல் கடந்து நடக்கின்றன. சில முறிந்தும் போகின்றன. அப்போது பிள்ளை எந்த நாட்டில், யாரிடம் வளர்வது என்ற கேள்வி எழுகிறது.

ஹேக் சமவாயம்

இக்கேள்விக்கு விடை காணவே சர்வதேசப் பிள்ளை கடத்தலின் குடியியல் அம்சங்கள் பற்றிய சமவாயம் 1980 ஒக்டோபர் 25 ஆம் திகதி நெதர்லாந்தின் ஹேக் நகரில் உருவாக்கப்பட்டது. 1983 டிசெம்பர் 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. 'குடியியல்' என்ற சொல்லைக் கவனியுங்கள். யாரையும் சிறையிலடைப்பது இதன் நோக்கமன்று. பிள்ளையை அது வாழ்ந்த நாட்டுக்கு விரைவாகத் திருப்பி அனுப்புவதே நோக்கம்.

இலங்கை 2001 ஆம் ஆண்டில் இச்சமவாயத்தில் இணைந்தது. அதற்கென அதே ஆண்டில் 10 ஆம் இலக்கச் சட்டமும் நிறைவேற்றப்பட்டது. ஆயினும் பின்னர் இணைந்த ஒரு நாட்டின் இணைவை மற்ற நாடுகள் தனித்தனியே ஏற்றுக்கொண்டால்தான் அவற்றுக்கிடையே சமவாயம் செல்லுபடியாகும். பிரித்தானியா இலங்கையை அவ்வாறு ஏற்றுக்கொண்ட நாடுகளுள் ஒன்று.

ஓர் உதாரணம்

இலண்டனில் வாழும் ஒரு குடும்பம். மகனுக்கு ஒன்பது வயது, அங்கேயே படிக்கிறான். ஓகஸ்ட் விடுமுறையில் உம்மா அவனைச் சாவகச்சேரிக்குக் கூட்டிவருகிறார். வாப்பா சம்மதித்தே அனுப்புகிறார். செப்டெம்பரில் உம்மா, "நான் இனித் திரும்பி வரமாட்டேன்" என்கிறார்.

வாப்பாவின் சம்மதம் விடுமுறைக்கு மட்டுமே. ஆகவே திரும்பவேண்டிய நாள் கடந்ததும் பிள்ளையைத் தடுத்துவைத்தல் தவறாகிறது. வாப்பா பிரித்தானியாவிலுள்ள மத்திய அதிகாரசபைக்கு விண்ணப்பிப்பார். அது இலங்கையின் நீதி அமைச்சுடன் தொடர்புகொள்ளும். விடயம் இங்கு மேல் நீதிமன்றத்துக்கு வரும்.

நீதிமன்றம் மூன்று விடயங்களை முதலில் ஆராயும். பிள்ளை 16 வயதுக்கு உட்பட்டதா? அதன் வழமையான வதிவிடம் எது? அந்நாட்டுச் சட்டப்படி விண்ணப்பதாரருக்கு இருந்த, அவர் உண்மையில் பயன்படுத்திவந்த பாதுகாப்புரிமை மீறப்பட்டதா? நல்ல தாய் யார், நல்ல தந்தை யார் என்ற விசாரணை இங்கு இடம்பெறாது. பிள்ளை யாரிடம் வளரவேண்டும் என்பதைப் பிள்ளை வாழ்ந்த நாட்டு நீதிமன்றமே பின்னர் முடிவுசெய்யும். அந்தச் சூழலை அறிந்த ஆசிரியர்களும் வைத்தியர்களும் அயலவர்களும் அங்கேதான் இருக்கிறார்கள்.

பலரும் பிழையாக விளங்கிக்கொள்ளும் இடம் ஒன்றுண்டு. பிள்ளை திருப்பி அனுப்பப்படுவது ஒரு நாட்டுக்கு. வாப்பாவின் கைக்கு அன்று. உம்மாவும் பிள்ளையோடு செல்லலாம். அங்கே பிள்ளையைத் தன்னிடம் தரும்படி வழக்காடலாம். பிள்ளையுடன் இலங்கைக்குக் குடிபெயர அனுமதியும் கேட்கலாம்.

விதிவிலக்குகள்

எல்லாப் பிள்ளைகளும் கட்டாயம் திருப்பி அனுப்பப்படுவதில்லை. மற்றப் பெற்றோர் சம்மதித்திருந்தால், அல்லது பின்னர் இணங்கிவிட்டிருந்தால் நீதிமன்றம் மறுக்கலாம். போதிய வயதும் முதிர்ச்சியும் கொண்ட பிள்ளை தானே எதிர்ப்புத் தெரிவித்தாலும் மறுக்கலாம். ஓராண்டு கடந்தபின் விண்ணப்பம் வந்து, பிள்ளை புதிய சூழலில் வேரூன்றிவிட்டதாக நிரூபிக்கப்பட்டாலும் அவ்வாறே. ஆகவே இவ்வழக்குகளில் காலம் பொன்னானது. ஆறு வாரங்களுள் முடிவு வரவேண்டும் என்று சமவாயம் எதிர்பார்க்கிறது.

மிகவும் வாதிக்கப்படும் விதிவிலக்கு 13 ஆம் உறுப்புரையில் உள்ளது. திரும்பிச் சென்றால் பிள்ளைக்கு உடல் அல்லது உளப் பாதிப்பு ஏற்படும் பாரதூரமான ஆபத்து இருந்தால் நீதிமன்றம் மறுக்கலாம். சமவாயம் எழுதப்பட்ட காலத்தில் பிள்ளையைக் கொண்டோடும் தந்தையரே பெரிதும் மனதிற்கொள்ளப்பட்டனர். இன்றோ பிள்ளையைக் கொண்டுசெல்வோரில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினர் தாய்மார். அவர்களுள் அடியும் மிரட்டலும் தாங்காது தாய்வீடு தேடி வருவோரும் உள்ளனர். அவர்களைக் கடத்தற்காரர் என்ற ஒரே சொல்லால் அளந்துவிட முடியாது. இந்த உறுப்புரையை எவ்வாறு பிரயோகிப்பது என்பதற்காக 2020 இல் ஹேக் மாநாட்டு அமைப்பு தனியான வழிகாட்டியொன்றை வெளியிட்டது.

சமவாயத்துக்கு வெளியே

இந்தியா இச்சமவாயத்தில் இணையவில்லை. கோயம்புத்தூரைச் சேர்ந்த தாய் ஒருவர் 2012 இல் தம் இரு மகள்மாருடன் பிரித்தானியாவிலிருந்து ஊர் திரும்பினார். தந்தை முதலில் இலண்டன் நீதிமன்றத்தையும் பின்னர் சென்னை உயர் நீதிமன்றத்தையும் நாடினார். 2015 பெப்ரவரியில் இந்திய உச்ச நீதிமன்றம், பிள்ளைகள் தாயுடன் பிரித்தானியா சென்று அந்நாட்டு நீதிமன்றத்தில் தீர்வு காணவேண்டும் என்றும், அதற்கான செலவைத் தந்தை ஏற்கவேண்டும் என்றும் கட்டளையிட்டது. ஈராண்டின் பின் அதே நீதிமன்றத்தின் மூவர் கொண்ட ஆயம் வேறொரு வழக்கில் அந்த அணுகுமுறையை ஏற்கவில்லை. வெளிநாட்டுக் கட்டளை ஒரு காரணி மட்டுமே. பிள்ளையின் நலனே மேலானது என்றது. தெளிவான பொது விதி இல்லாதபோது குடும்பங்கள் எவ்வளவு அலையவேண்டி வருகிறது என்பதை இதிலிருந்து காணலாம்.

நம்மவர் பெருமளவில் தொழில் செய்யும் சவூதி அரேபியா, கட்டார், குவைத் ஆகியனவும் சமவாயத்தில் இல்லை. மறுபுறம் மொரோக்கோ 2010 இலும் பாகிஸ்தான் 2016 இலும் இணைந்தன. ஷரீஆவைத் தழுவிய சட்டங்களைக் கொண்ட நாடுகளின் நீதிபதிகளும் சமவாய நாடுகளின் நீதிபதிகளும் 2004 இல் மோல்டாவில் கூடிப் பேசத் தொடங்கிய முயற்சி 'மோல்டா செயன்முறை' எனப்படுகிறது.

நம் மார்க்கமும் இவ்விடயமும்

இச்சட்டம் மார்க்கத்துக்கு முரணானதா என்று பெற்றோர் சிலர் ஐயுறுவர். பிள்ளையை வளர்க்கும் பொறுப்பை நம் பிக்ஹு நூல்கள் 'ஹழானத்' என்ற தலைப்பில் விரிவாகப் பேசுகின்றன. நம் நாட்டில் பெரும்பான்மையினர் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபில் சிறு பிள்ளையை வளர்க்கும் முன்னுரிமை தாய்க்குரியது; விபரம் அறியும் பருவத்தில், ஏறத்தாழ ஏழு வயதில், பிள்ளையின் விருப்பம் கேட்கப்படும். பிள்ளையைக் காரணமாகக் கொண்டு தாயோ தந்தையோ துன்புறுத்தப்படலாகாது என்ற கருத்து அல்குர்ஆனின் 2:233 ஆம் வசனத்தில் உண்டு. பிள்ளையைப் பெற்றோருக்கிடையிலான சண்டையின் ஆயுதமாக்கக்கூடாது என்பதில் மார்க்கமும் சமவாயமும் ஒன்றுபடுவதாகவே நான் காண்கிறேன்.

இன்னொன்று: இலங்கையில் பிள்ளையின் பாதுகாப்பு பற்றிய வழக்கைக் காதி நீதிமன்றம் தீர்ப்பதில்லை. மாவட்ட நீதிமன்றத்துக்கே செல்லவேண்டும்.

அறிந்து வைத்திருக்க வேண்டியவை

பிள்ளையுடன் தனியே பயணம் செய்யும் பெற்றோர், மற்றவரின் சம்மதத்தைத் திரும்பும் திகதியோடு எழுத்தில் பெற்றுக்கொள்ளுதல் நன்று. பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ், கடவுச்சீட்டுப் பிரதி, பாடசாலைப் பதிவுகள் ஆகியவற்றைப் பத்திரப்படுத்துங்கள். பிள்ளை திரும்பி வராவிட்டால் உறவினர் சமரசம் பேசட்டும் என்று மாதக்கணக்கிற் காத்திராது உடனே நீதி அமைச்சை நாடுங்கள். கட்டணம் செலுத்த வசதியற்றோர் சட்ட உதவி ஆணைக்குழுவில் ஆலோசனை பெறலாம்.

வன்முறைக்கு அஞ்சி வாழும் தாய்க்கு நான் சொல்வது இதுதான்: விமானச்சீட்டு வாங்கமுன் சட்ட ஆலோசனை பெறுங்கள். நீங்கள் வாழும் நாட்டிலேயே பாதுகாப்புக் கட்டளை கோருங்கள். ஊர் திரும்ப நீதிமன்ற அனுமதி கேளுங்கள். பொலிஸ் முறைப்பாட்டையும் வைத்திய அறிக்கையையும் கைவசம் வைத்திருங்கள். சொல்லாமல் வந்தவரின் நியாயம் பல வேளைகளில் சான்றில்லாமலே தோற்றுப்போகிறது.

மாணவிகளே, உங்களுட் சிலர் நாளை சட்டத்தரணிகளாவீர்கள், பலர் தாய்மாராவீர்கள். பிள்ளைகள் அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். கணவன் மனைவி உறவு முறிந்தாலும் பிள்ளைக்கு உம்மாவும் வாப்பாவும் வேண்டும். அந்த உரிமையை எந்த எல்லையிலும் பறிகொடுக்காதிருக்க இவ்வறிவு உங்களுக்கு உதவட்டும்.