டிவியில் வீடியோ ஓடவில்லையா?

வளைகாப்பு வீடியோவை பென் டிரைவில் ஏற்றி டிவியில் செருகினால் சத்தம் மட்டும் கேட்கிறது, படத்தைக் காணோம். ஐபோனில் எடுத்ததென்றால், பெரும்பாலும் காரணம் எச்.இ.வி.சி. என்ற சுருக்கமுறைதான். பழைய டிவிகள் பலவற்றுக்கு அது புரியாது.

1. கோப்பின் பெயரில் எம்.ஓ.வி.யை அழித்து எம்.பி.4 என்று எழுதாதீர்கள். பெயர்தான் மாறும், உள்ளே இருக்கும் சரக்கு அதேதான்.

2. கம்ப்யூட்டரில் 'ஹேண்ட்பிரேக்' நிறுவுங்கள். இலவசம், வாட்டர்மார்க்கும் விழாது. வீடியோவை அதில் இழுத்துப் போட்டு, 'ஃபாஸ்ட் 1080பி30' தேர்ந்து, ஸ்டார்ட் அழுத்துங்கள். எச்.264 படமும் ஏ.ஏ.சி. ஒலியும் கொண்ட எம்.பி.4 கிடைக்கும், அனேகமாக எல்லா டிவியும் போனும் ஏற்கும் கூட்டணி இது.

3. ஸ்டார்ட் அழுத்தும் முன், தரத்துக்கான 'ஆர்.எஃப்.' எண்ணை 20 - 22க்குள் வையுங்கள். எண் குறையக் குறையத் தரம் கூடும், கோப்பும் ஊதும். 18க்குக் கீழே போவது வீட்டு வீடியோவுக்கு வீண்.

4. முதலில் 'ரேஞ்ச்' பகுதியில் 'செகண்ட்ஸ்' தேர்ந்து ஒரு நிமிடத்தை மட்டும் மாற்றி, டிவியில் போட்டுப் பாருங்கள். இரண்டு மணி நேர வீடியோ முழுக்க மாறும்வரை காத்திருந்து ஏமாற வேண்டாம்.

5. கோப்பு 4 ஜிபியைத் தாண்டாமல் பாருங்கள். எஃப்.ஏ.டி.32 முறையில் ஃபார்மட் செய்த பென் டிரைவ் அதற்குமேல் ஏற்காது.

6. மூலக் கோப்பை அழிக்காதீர்கள். ஒவ்வொரு மாற்றத்திலும் தரம் கொஞ்சம் போகும்.

இனி எடுக்கப்போகும் வீடியோக்களுக்கு: ஐபோன் செட்டிங்ஸில் கேமரா, ஃபார்மட்ஸ் போய் 'மோஸ்ட் கம்பேட்டிபிள்' வையுங்கள். இடம் கூடுதலாகப் பிடிக்கும்.