ஆய்வகத்திலிருந்து ஆலைக்கு

கேள்வி: வேதியியல் ஆய்வு மாணவி நான். மரவள்ளி மாவில் மக்கும் பை செய்திருக்கிறேன். இதைத் தொழிலாக்க முதலில் என்ன செய்வது?
– வாசகி, ராசிபுரம்

பதில்: கட்டுரை வெளியிடும் முன்பே காப்புரிமைக்கு விண்ணப்பித்துவிடுங்கள் அம்மா, வெளியிட்டபின் புதுமை என்ற தகுதியே போய்விடும். தற்காலிக விண்ணப்பம் போட்டால், முழு விவரம் தர 12 மாத அவகாசம் உண்டு. உரிமையில் பல்கலைக்கழகத்தின் பங்கு எவ்வளவு என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

மாவுப்பொருள் ஈரத்தை உறிஞ்சும். கிராம் கணக்கில் வென்றது மழைக்காலக் கிடங்கிலும் தாங்குமா? சேகோ ஆலைகளில் கிலோ கணக்கில் செய்து பாருங்கள். ஆலைக்காரர்களைச் சந்திக்கச் சேலம் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் நல்ல வாசல். உயிரித் தொழில்நுட்ப முயற்சிகளுக்கு மத்திய அரசின் பைராக் (BIRAC) நிறுவனம், ‘பிக்’ (BIG) மானியத் திட்டத்தில் 50 லட்சம் ரூபாய் வரை தருகிறது.

மரவள்ளி ஜவ்வரிசியோடு நிற்க வேண்டாம், துணிந்து இறங்குங்கள்.