கல்லுக்கு முன்னால் காரை தேயட்டும்

அன்புள்ள தம்பி,

இங்கிலாந்தின் காட்ஸ்வோல்ட்ஸில் பழைய பண்ணை வீடு ஒன்றைப் பழுதுபார்க்கும் குழுவில் சேர்ந்துவிட்டதாக எழுதியிருந்தாய். மனசு நிறைந்துவிட்டது. கரணையைக் கையில் எடுப்பதற்கு முன் ஒருமுறை கெல்ம்ஸ்காட்டுக்குப் போய்வா. தேம்ஸ் ஆறு இன்னும் சிற்றாறாக ஓடும் இடத்தில், 1600ஐ ஒட்டி ஓர் உழவர் குடும்பம் கட்டிய வீடு அது. 1871இல் கவிஞரும் வடிவமைப்பாளருமான வில்லியம் மோரிஸ் அதைக் குத்தகைக்கு எடுத்தார். பழைய தேவாலயங்களைச் சுரண்டிப் புதிதாக்குகிறவர்கள்மேல் அவருக்கு இருந்த கோபம்தான் 1877இல் பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கமாக உருவெடுத்தது.

அங்கே போனதும் கூரையைப் பார். ஓடுகள் எல்லாம் கல். இறவாணத்தில் பெரியவை, மேலே போகப்போகச் சிறுத்து, முகட்டருகே கையகலம்தான் இருக்கும். அழகுக்காக மட்டும் செய்ததல்ல. பெரிய கல்லின் பாரத்தைச் சுவர் தாங்கிக்கொள்கிறது. கூரைத் தண்ணீர் முழுவதும் வந்து சேரும் அடிவரிசையில் இடுக்குகளும் குறைகின்றன. வெட்டியெடுத்த கல்லில் சின்னத் துண்டும் வீணாவதில்லை. அதே வட்டாரத்தில் ஸ்டோன்ஸ்ஃபீல்டு என்ற ஊரில் அந்தக் காலத்தில் கல்லைத் தோண்டி ஈரம் காயாமல் வெளியே போட்டுவைப்பார்கள். குளிர்காலத்தில் உள்ளிருக்கும் நீர் உறைந்து, கல்லைத் தானாகவே தகடு தகடாகப் பிளந்துவிடும். அந்தச் சுரங்கங்கள் மூடி நூறு ஆண்டுக்கு மேலாகிறது. அதனால் இறக்கும் ஒவ்வொரு ஓட்டையும் பத்திரமாக அடுக்கு.

அதே உறைபனிதான் உன் சுவருக்கு எமன். இத்தகைய சுவர் பெரும்பாலும் அரை மீட்டருக்கு மேல் கனம்: வெளியே ஒரு முகம், உள்ளே ஒரு முகம், நடுவில் சல்லியும் காரையும், இரண்டு முகங்களையும் பிணைக்க அங்கங்கே ஊடுகற்கள். மழையைக் குடித்துவிட்டு, சுண்ணாம்புக் காரை இடுக்குகள் வழியே அதைத் திரும்ப வெளியே விடும். அந்த இடுக்குகளைச் சிமெண்டால் பூசி அடைத்துவிட்டால் ஈரத்துக்கு வழியேது? கல் வழியாகத்தான் வெளியேற வேண்டும். பனி விழுந்தால் அங்கேயே உறைந்து கல்லை உடைக்கும். அப்படிப் பூசிய சுவர் உன் கண்ணில் கட்டாயம் படும். சிமெண்ட் கோடுகள் மட்டும் வலைபோலத் துருத்தி நிற்க, கல் உள்வாங்கியிருக்கும்; விரலால் தேய்த்தால் மாவாக உதிரும். காரை எப்போதும் கல்லைவிட மென்மையானதாகவே இருக்க வேண்டும். தேய்ந்த காரையை மறுபடி பூசிக்கொள்ளலாம், தேய்ந்த கல்லை என்ன செய்வாய்?

சிமெண்டை உளியும் சுத்தியும் வைத்து நிதானமாக எடு. கிரைண்டர் வேண்டாம், அது கல்லின் விளிம்பையும் சேர்த்து அறுத்துவிடும். கல்லை உடைக்காமல் எடுக்க முடியாத இடத்தில் அப்படியே விட்டுவிடு. 5 டிகிரிக்குக் கீழே குளிர் இறங்கினால் சுண்ணாம்பு வேலை செய்யாதே. ஒப்பந்தக்காரர் எவ்வளவு அவசரப்படுத்தினாலும் சரி. பூசியதை ஈரச் சாக்கு போட்டு மூடு.

பழைய காரையில் ஒரு கட்டியை நொறுக்கி, மணலின் நிறத்தையும் பருமனையும் பார்த்துக் கலவையைத் தீர்மானி. கண்ணில் படாத மூலையில் மாதிரி பூசிக் காயவிடு. காய்ந்ததும் எனக்குப் படம் அனுப்பு: உலர்ந்திருக்கும்போது ஒன்று, மழையில் நனைந்திருக்கும்போது ஒன்று.

அன்புடன்,
அண்ணன்