ஓடைகளின் வழியைக் கணித்தறிதல்

நம் கிராமங்களில் உள்ள ஓடைகளிற் பல, ஆண்டில் சில நாட்களே நீர் ஓடப் பெறுவன. தொடர்ந்து சில ஆண்டுகள் மழை குன்றினால் அவற்றின் தடத்தை முள்ளும் புதரும் மூடிவிடுகின்றன. சில இடங்களில் உழவும் வீடும் அதன்மேல் ஏறிவிடுகின்றன. பின்னர்ப் பெருமழை பெய்யுங்கால் நீர் தன் பழைய வழியையே நாடிச் செல்கிறது. நீர் வரும் வழியை அறியாது தடுப்பணைக்கோ கசிவுநீர்க் குட்டைக்கோ இடம் தேர்ந்தால், பஞ்சாயத்தின் பணம் வீணாவதோடு குட்டையும் வறண்டே கிடக்கும். ஆகவே, உயர விவரங்களைக் கொண்டு ஓடைகளை வரையும் முறையை ஈண்டு விளக்குவோம்.

உயர விவரம் என்பது யாது?

நிலப்பரப்பைச் சதுரக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டமும் கடல் மட்டத்துக்கு மேல் எத்தனை மீட்டர் உயரம் என்று குறித்த எண்களின் தொகுதியே அது. 2000 ஆம் ஆண்டு பிப்ரவரியில் எண்டெவர் விண்கலம் 11 நாட்கள் பறந்து, உலகின் பெரும்பகுதியை ராடார் கொண்டு அளந்தது. 2005 மே 5 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பெற்ற நமது கார்ட்டோசாட்-1, இரு காமிராக்களால் ஒரே நிலத்தை இரு கோணங்களிற் படமெடுத்து உயரம் கணிக்க உதவியது. இவ்விரண்டிலிருந்தும் பெற்ற, ஏறக்குறைய 30 மீட்டர் கட்ட அளவுள்ள விவரங்கள் இணையத்தில் விலையின்றிக் கிடைக்கின்றன. அத்தகைய கட்டம் ஒன்று 900 சதுர மீட்டர். 11 கட்டங்கள் சேர்ந்தால் ஏறத்தாழ ஒரு ஹெக்டேர்.

கணிக்கும் முறை

இதற்கான புவித் தகவல் மென்பொருள்களில் கியூ.ஜி.ஐ.எஸ். என்பது விலையின்றிக் கிடைப்பது. அதில் வேலை பின்வரும் முறையில் நடைபெறும்.

1. பாகையில் உள்ள விவரத்தை முதலில் மீட்டர் அளவுக்கு மாற்றிக்கொள்ள வேண்டும்.

2. அளவைப் பிழையால் சில கட்டங்கள் சுற்றிலும் மேடு சூழ்ந்த குழிகளாகத் தோன்றும். அங்கே கணக்கு நின்றுவிடாதிருக்க, அக்குழிகளை நிரப்ப வேண்டும்.

3. ஒவ்வொரு கட்டத்தைச் சுற்றியும் எட்டுக் கட்டங்கள் உள்ளன. அவற்றுள் மிகச் சரிவான திசையில் நீர் செல்வதாகக் கொள்வர். ஒரு கட்டத்தின் உயரம் 52 மீட்டர், கிழக்கே 50 மீட்டர், தென்கிழக்கே 49.5 மீட்டர் என்று கொள்வோம். தென்கிழக்குக் கட்டமே தாழ்ந்தது. ஆயினும் அது மூலைவாட்டில் 42.4 மீட்டர் தொலைவில் உள்ளது; கிழக்குக் கட்டமோ 30 மீட்டரில் உள்ளது. தொலைவுக்கு 2.5 மீட்டரையும் 2 மீட்டரையும் வகுத்துப் பார்த்தால் கிழக்கின் சரிவே அதிகம். ஆகவே நீர் கிழக்கே செல்லும்.

4. ஒவ்வொரு கட்டத்துக்கும் மேலிருந்து எத்தனை கட்டங்களின் நீர் வந்து சேர்கிறது என்று எண்ண வேண்டும். மேட்டின் முகட்டில் இவ்வெண் பூஜ்யம். பள்ளத்தை நோக்கிச் செல்லச் செல்லப் பெருகும்.

5. எத்தனை கட்டங்களின் நீர் சேர்ந்தால் ஓடை என்று கொள்வது என்பதை நாமே முடிவு செய்ய வேண்டும். 100 கட்டம் என்றால் 9 ஹெக்டேர். சிறு வாய்க்கால்களும் படத்தில் வரும். 1,000 கட்டம் என்றால் 90 ஹெக்டேர். பெரிய ஓடைகள் மட்டுமே வரும்.

குட்டைக்கு உத்தேசித்த இடத்தைக் குறித்துக் காட்டினால், அதற்கு நீர் தரும் நிலப்பரப்பையும் மென்பொருள் வரைந்து தரும். அப்பரப்பு 90 ஹெக்டேர் எனில், 50 மில்லிமீட்டர் மழையில் அதன்மேல் விழும் நீர் 45,000 கன மீட்டர். இதில் ஒரு பகுதியே ஓடி வரும். எஞ்சியதை மண்ணும் பயிரும் ஏற்கும்.

எச்சரிக்கை

படத்தில் வரும் கோடு கணக்கின் விளைவேயன்றி நேரிற் கண்ட ஓடை அன்று. உயர விவரத்திற் சில மீட்டர் பிழை இருக்கக்கூடும். தென்னந்தோப்பின் தலையையே தரையென அது காட்டலாம். சாலையின் கீழுள்ள மதகு அதற்குத் தெரியாது. சாலை மேட்டையே அணையெனக் கொள்ளும். ஏரியின் கலிங்கு எங்கே உள்ளது என்பதையும் அது அறியாது. காவிரி டெல்டாவைப் போன்ற சமவெளியில், மனிதர் வெட்டிய வாய்க்கால்களை இம்முறையால் நம்பி வரைதல் இயலாது.

எனவே, படத்தைக் கையிலேந்தி மழைக்குப் பின் நிலத்தில் நடந்து பார்த்தல் இன்றியமையாதது. முதிய விவசாயிகளைக் கேட்டறிதல் வேண்டும். புலப்படத்தோடும் வருவாய்த்துறைப் பதிவேட்டோடும் ஒப்பிடல் வேண்டும். ஓடைப் புறம்போக்கின் எல்லையை அப்பதிவேடுகளும் நில அளவையுமே உறுதி செய்யும். கணினிக் கோட்டைக் காட்டி எவர் நிலத்தையும் உரிமை கோரலாகாது.

இவ்வாறு சரிபார்த்த படத்தைக் கிராம சபையில் யாவரும் காண வைத்தல் நன்று. உலகத் தண்ணீர் நாளாகிய மார்ச் 22-இல் கூடும் சபை அதற்கு ஏற்றது. குட்டை வெட்டுமுன் நீர் வருமா என்பதையும், வீட்டுமனை பிரிக்குமுன் அவ்வழியே வெள்ளம் வருமா என்பதையும் ஊரார் அப்படத்தின் முன் நின்று ஆராய்ந்து முடிவு செய்வார்களாக.