தற்கொலை செய்துகொண்டவருக்கு ஜனாஸா தொழலாமா?



பள்ளிவாசலில் இமாமத் செய்யும் எவரிடமும் என்றாவது ஒருநாள் தாழ்ந்த குரலில் ஒரு கேள்வி வரும். "ஹஜ்ரத், பையன் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டான். ஜனாஸா தொழலாமா? நம்ம மையவாடியில் அடக்கலாமா?" கேட்பவர் பெரும்பாலும் மாமாவாகவோ சாச்சாவாகவோ இருப்பார். பெற்றவர்களுக்குக் கேட்க வாய் வராது. அந்த நேரத்தில் நாம் சொல்லும் பதில் மார்க்கத்தின் பதிலாக இருக்க வேண்டும். ஊர்ப் பேச்சின் பதிலாக இருந்துவிடக் கூடாது.

உலகம் என்ன சொன்னது?

இந்த விஷயத்தில் உலகம் ஒரே கருத்தில் இருந்ததில்லை. ரோமாபுரியின் தத்துவவாதி செனெகா, வாழ்வு தாங்க முடியாததாகிவிட்டால் மனிதன் தானே வெளியேறலாம் என்றார். ஜெர்மனியின் கான்ட், மனிதன் தனக்கே செய்ய வேண்டிய கடமையை மீறுவது அது என்றார். நம் தமிழகத்தில் கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்து உயிர் துறந்ததைச் சங்கப் புலவர்கள் புகழ்ந்தார்கள். கத்தோலிக்கத் திருச்சபை நீண்ட காலம் இப்படி இறந்தவர்களுக்கு அடக்கச் சடங்கை மறுத்துவந்தது. 1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத்தில் அந்தத் தடை இடம்பெறவில்லை.

நம் நாட்டிலும் தற்கொலைக்கு முயன்று பிழைத்தவரைக் குற்றவாளியாகவே சட்டம் பார்த்தது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம்தான், அவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தவர் என்றே கருதப்பட வேண்டும், அரசு அவருக்குச் சிகிச்சை தர வேண்டும் என்று சொன்னது.

மார்க்கம் என்ன சொல்கிறது?

உயிர் நம் சொத்தல்ல. அல்லாஹ் நம்மிடம் தந்த அமானத். உங்களை நீங்களே கொன்றுவிடாதீர்கள் என்று சூரத்துன் நிஸாவின் 29-ஆவது வசனத்தில் தடுத்த ரப்புல் ஆலமீன், அதே வசனத்தில் தான் உங்கள் மீது மிக்க இரக்கமுடையவன் என்றும் சொல்கிறான். இந்தத் தடை இரக்கத்தோடு சேர்ந்தே வந்திருக்கிறது. புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ள ஹதீஸ்கள் இச்செயலுக்குக் கடும் தண்டனையை எச்சரிக்கின்றன. ஆகவே தற்கொலை ஹராம், பெரும்பாவம் என்பதில் இமாம்களிடையே கருத்து வேறுபாடு இல்லை.

வேறுபாடு வருவது அடுத்த கட்டத்தில். ஜாபிர் இப்னு ஸமுரா (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் முஸ்லிமில் உள்ளது: தற்கொலை செய்துகொண்ட ஒருவரின் ஜனாஸா கொண்டுவரப்பட்டபோது நபி (ஸல்) அவர்கள் தொழவைக்கவில்லை. இதை வைத்து உமர் இப்னு அப்துல் அஸீஸ் (ரஹ்), இமாம் அவ்ஸாயீ (ரஹ்) ஆகியோர் தொழக்கூடாது என்றார்கள். ஹனஃபி மத்ஹபின் இமாம் அபூயூசுஃப் (ரஹ்) அவர்களின் கருத்தும் அதுவே.

ஆனால் இமாம் அபூஹனீஃபா, மாலிக், ஷாஃபிஈ (ரஹ்) உள்ளிட்ட பெரும்பான்மையினர் தொழவேண்டும் என்றார்கள். இமாம் அஹ்மத் (ரஹ்), தலைவர் மட்டும் ஒதுங்கிக்கொள்வார், மக்கள் தொழுவார்கள் என்றார்கள். நஸயீயின் அறிவிப்பில், தாம் தொழப்போவதில்லை என்று நபியவர்கள் தம்மைப் பற்றி மட்டுமே சொன்னார்கள். தோழர்களைத் தடுத்ததாக அதில் இல்லை. கடனோடு இறந்தவருக்கும் நபியவர்கள் ஆரம்பத்தில் தாம் தொழவைக்காமல், உங்கள் தோழருக்கு நீங்கள் தொழுங்கள் என்றே சொல்லியிருக்கிறார்கள். இருப்பவர்களை எச்சரிக்கவே அவர்கள் ஒதுங்கினார்கள். இறந்தவரை இஸ்லாத்தை விட்டு விலக்கவில்லை.

முஸ்லிமில் இன்னொரு ஹதீஸ். துஃபைல் இப்னு அம்ர் (ரலி) அவர்களோடு ஹிஜ்ரத் வந்த ஒருவர், நோயைப் பொறுக்க முடியாமல் தன் கைகளைத் தானே காயப்படுத்தி இறந்துபோனார். பின்பு துஃபைல் (ரலி) அவரை நல்ல தோற்றத்தில் கனவில் கண்டார்கள். ஹிஜ்ரத்தின் காரணமாக அல்லாஹ் மன்னித்துவிட்டான்; ஆனால் அவர் கெடுத்துக்கொண்ட கைகள் மட்டும் சீராக்கப்படவில்லை. இதைக் கேட்ட நபி (ஸல்) அவர்கள், அவருடைய கைகளையும் மன்னிக்கும்படி அல்லாஹ்விடம் துஆ செய்தார்கள். தற்கொலை செய்தவர் காஃபிராகிவிட மாட்டார் என்பதற்கு இமாம் நவவீ (ரஹ்) இந்த ஹதீஸையே ஆதாரமாக்குகிறார்கள். இணைவைப்பைத் தவிர மற்றதை அல்லாஹ் தான் நாடியவருக்கு மன்னிப்பான் என்பது சூரத்துன் நிஸாவின் 48-ஆவது வசனத்தில் உள்ள வாக்கு. புத்தி பேதலித்த நிலையில் இறந்தவர் மீதோ எழுதுகோலே உயர்த்தப்பட்டிருக்கிறது. எந்த நிலையில் இறந்தார் என்பது அல்லாஹ்வுக்கே தெரியும்.

ஆகவே அந்தப் பையனுக்கு குளிப்பாட்டி, கஃபனிட்டு, தொழுது, நம் மையவாடியிலேயே அடக்குவோம். நரகவாசி என்று தீர்ப்பெழுதும் அதிகாரம் எந்த இமாமுக்கும் எந்த ஜமாஅத்துக்கும் தரப்படவில்லை. அந்த வீட்டுக்குச் சாப்பாடு கொண்டு போங்கள். எப்படி நடந்தது, ஏன் நடந்தது என்று துருவாதீர்கள். தாயிடம் சொல்ல ஒன்று இருக்கிறது: அவனுக்காக துஆ செய்யுங்கள், ஸதகா கொடுங்கள், கதவு மூடப்படவில்லை.

இந்த நம்பிக்கை இறந்தவருக்காகச் சொல்லப்படுவது. உயிரோடு இருப்பவருக்கு இது அனுமதி ஆகாது.

சாகத் தோன்றுகிறது என்று ஒருவர் சொன்னால்?

பிரசவ வேதனையில் மர்யம் (அலை) அவர்கள், இதற்கு முன்பே இறந்து மறக்கப்பட்டுப் போயிருக்கக் கூடாதா என்று சொன்னதை சூரா மர்யம் சொல்கிறது. ஈமான் இல்லையா என்று அல்லாஹ் அவர்களைக் கண்டிக்கவில்லை. கவலைப்படாதீர் என்ற ஆறுதலைக் கேட்கச் செய்தான். காலடியில் நீரோடை, தலைக்கு மேல் பேரீச்சம்பழம். உண்டு பருகிக் கண் குளிரச் சொன்னான். பெரும் வேதனையில் இருப்பவரிடம் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்ற பாடம் இதில் இருக்கிறது. முதலில் அருகில் உட்காருங்கள். சாப்பிட்டீர்களா, தூங்கினீர்களா என்று கேளுங்கள். சாக வேண்டும் என்று தோன்றுகிறதா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. தனியே விடாதீர்கள். கடன் காரணமென்றால் ஜமாஅத்தின் பைத்துல்மாலில் வழி பாருங்கள். மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். நோய்க்கு மருந்து செய்யச் சொன்ன நபி (ஸல்) அவர்கள், மனதின் நோயை விலக்கிச் சொல்லவில்லை. 14416 என்ற டெலிமானஸ் எண்ணில் எந்த நேரமும் பேசலாம். தமிழ்நாட்டில் 104 எண்ணும் உண்டு.

இந்த ஸஃப்பிலேயே அப்படி ஒருவர் உட்கார்ந்திருக்கலாம். சகோதரரே, உங்களைக் குறை சொல்ல இங்கே யாரும் இல்லை. தொழுகை முடிந்ததும் என் அறைக்கு வாருங்கள். அல்லது நம்பிக்கையான ஒருவரிடம் இன்றே சொல்லுங்கள்.

யா அல்லாஹ்! கவலையிலிருந்தும் கடன் சுமையிலிருந்தும் எங்களைக் காப்பாயாக! இப்படிப் பிரிந்துபோன எங்கள் பிள்ளைகளை மன்னிப்பாயாக! அவர்களைப் பெற்றவர்களுக்குப் பொறுமையைத் தருவாயாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.