மணலில் கீற வரும் பிள்ளைகளுக்கு

போன கிழமை உப்புவெளிக் கரையில் ஆறு பேர் வந்து நின்றீர்கள். கையில் விறாண்டி, கைபேசியில் கலிபோர்னியாக்காரர் ஒருவர் கடற்கரை முழுக்கக் கீறிய படம். "ஐயா, இதைப் போல எங்கட கரையிலயும் கீறலாமோ?" என்று கேட்டீர்கள். ஒதுங்கிய மரத்தில் செதுக்கவும் பழக வேண்டும் என்றீர்கள். அன்றைக்கு வாயால் சொன்னதில் பாதியை மறந்திருப்பீர்கள். அதனால் எழுதித் தருகிறேன். இலக்கம் போடச் சொன்னது நீங்கள். எனக்கு எல்லாம் ஒரே கதைதான்.

1. எங்கள் கடல் உங்களுக்காக அழித்துத் தராது. நீங்கள் காட்டிய அன்ட்ரெஸ் அமடோரின் கரையில் பெரிய வற்று உண்டு. கடல் வாங்கும்போது ஈரமணல் பாய் விரித்ததுபோலக் கிடக்கும். அவர் விறாண்டியால் கீறுவார். பெருக்கு வந்து துடைத்துவிடும். 2013 செப்டெம்பர் 21ஆம் திகதி பிரான்சில், நோர்மண்டியின் அரோமான்ஷ் கரையில், 1944 யூன் 6, நேச நாட்டுப் படைகள் தரையிறங்கிய நாளில் இறந்தவர்கள் நினைவாக மணலில் 9,000 மனித உருவங்களைப் பதித்தார்கள். நூற்றுக்கணக்கானவர்கள் சேர்ந்து செய்த வேலை. அதையும் பெருக்கு சில மணித்தியாலத்தில் எடுத்துக்கொண்டது.

திருகோணமலையில் வற்றுக்கும் பெருக்குக்கும் இடையில் இரண்டடி வித்தியாசம் வந்தாலே பெரிய விசயம். ஈரமான இறுகிய மணல் சில எட்டு அகலத்துக்குத்தான் கிடைக்கும். அதற்கு மேலே கீறினால் நாய் மிதிக்கும்வரை, காற்று மூடும்வரை கிடக்கும். ஆகவே இங்கே அழிப்பதும் கீறியவரின் வேலை. "கிடக்கட்டும், தானாகப் போகும்" என்று விட்டுப் போகாதீர்கள். ஆழமாகத் தோண்டிய கோடு இரவில் வலை இழுக்க வருகிறவனின் காலை முறிக்கும். முட்டையிட வரும் ஆமைக்கும், பொரித்துக் கடலுக்குப் போகும் குஞ்சுக்கும் ஒரு சாண் பள்ளமே பெரிய கிடங்கு.

2. காற்றைக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். ஒக்டோபர் கடைசியிலிருந்து மாசி வரை வாடை. அலை கரையைத் தின்றுகொண்டிருக்கும். கீற இடமே இராது. அது மரம் பொறுக்கும் காலம். பங்குனிக்குப் பிறகு கடல் படுக்கும். ஆனி, ஆடியில் கச்சான் காற்று தரையிலிருந்து கடலை நோக்கி அடிக்கும். பத்து மணிக்குப் பிறகு காய்ந்த மணலைக் கிளப்பிக்கொண்டுவந்து உங்கள் கோடுகளை நிரப்பிவிடும். அந்த மாதங்களில் விடிய முன் நாலரைக்கு இறங்கி, ஏழு மணிக்குள் முடியுங்கள்.

விடிய முன் இறங்க இன்னொரு காரணமும் இருக்கிறது. நமக்குச் சூரியன் கடலிலிருந்து வருகிறது. எழுந்து அரை மணித்தியாலம் வெளிச்சம் மணலோடு படுத்துக் கிடக்கும். விரற்கடை ஆழமான கோட்டுக்குக்கூட நிழல் விழும். அந்த அரை மணித்தியாலம்தான் படம். ஒன்பது மணிக்கு அதே கோடு இருக்கும், கண்ணுக்குத் தெரியாது. மேற்குக் கரையில் கீறுகிறவர்களுக்கு இந்த வெளிச்சம் மாலையில் கிடைக்கும். நம்மைப் போல நித்திரையைக் கெடுக்கத் தேவையில்லை.

3. கரை வெறுமையாகக் கிடக்கிறது என்று நினைக்காதீர்கள். இதில் நான் பட்டதைச் சொல்கிறேன்.

நிலாவெளிப் பக்கம் ஒரு விடியற்காலை நாற்பது எட்டு அகலத்தில் ஒரு பூக் கீறினேன். என் வாழ்நாளில் அவ்வளவு நேர்த்தியாக அதற்கு முன் கீறியதில்லை. ஏழு மணிபோல் கரைவலைக்காரர் வந்தார்கள். வலையின் இரண்டு கயிற்றையும் பிடித்து, இரண்டு வரிசையாக, அம்பா பாடிக்கொண்டு பின்பக்கமாக நடந்து இழுத்தார்கள். என் பூவுக்குள்ளேயே நடந்தார்கள். நான் ஓடிப்போய்ச் சத்தம் போட்டேன். வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டி கோபிக்கவில்லை. "தம்பி, இந்தப் பாடு என்ர அப்பர் காலத்தில இருந்து எங்கட. நீ பூக் கீறினாயெண்டு மீன் நிக்குமோ?" என்று கேட்டார். வலை ஏறியபின் ஒரு பை சூடை மீனும் தந்தார். வெட்கத்தோடு வாங்கிக்கொண்டு வந்தேன்.

பாடு என்பது ஒரு குடும்பம் தலைமுறையாக வலை போடும் கரைத்துண்டு. கண்ணுக்கு வேலி தெரியாது, ஆனால் எல்லை உண்டு. அன்றிலிருந்து முதல்நாள் பின்னேரமே மீனவர் வாடிக்குப் போய்ச் சொல்லிவிட்டு வருவேன். நாளைக்கு வலை எங்கே ஏறும், உழவு இயந்திரத்தில் விஞ்ச் பூட்டி இழுக்கப் போகிறார்களா, எந்தப் பக்கம் போட் ஏற்றுவார்கள் என்று அவர்களே சொல்வார்கள். எனக்குக் கயிறு தந்தவர்களும் அவர்கள்தான். கேட்டுவிட்டுக் கீறிய படத்தை ஒருவரும் சும்மா மிதித்ததில்லை; சுற்றிப் போவார்கள்.

4. கயிறும் முளையும் போதும். ஒரு முளையை நட்டுக் கயிற்றைக் கட்டிச் சுற்றினால் வட்டம். அதே கயிற்று நீளத்தால் வட்டத்தின் விளிம்பில் அளந்துகொண்டு போனால் சரியாக ஆறு முறையில் தொடங்கிய இடத்துக்கு வரும். ஆறிதழ்ப் பூ அங்கே கிடைத்துவிட்டது. சரியான மூலை வேண்டுமென்றால் மேசன்மார் செய்வதுதான்: மூன்று எட்டு, நாலு எட்டு, ஐந்து எட்டு நீளத்தில் கயிற்றை முக்கோணமாகப் பிடியுங்கள். மற்றதெல்லாம் உங்கள் அம்மாவுக்குத் தெரியும். சிக்குக் கோலம் போடத் தெரிந்தவர் முற்றத்தில் போடுவதை முப்பது மடங்கு பெருப்பித்தால் கடற்கரைப் படம். புள்ளிக்குப் பதில் குச்சி. முதல் மாதம் கோலம் மட்டும் கீறுங்கள். சாமி முகம், தலைவர் முகம் எல்லாம் பிறகு பார்க்கலாம்.

விறாண்டியை அழுத்தவும் வேண்டாம். மேலே காய்ந்த மணல், கீழே ஈரமணல். மேற்பரப்பைச் சுரண்டினாலே கறுப்பாகக் கோடு விழும். ஆழம் தேவையில்லை.

5. படத்தை ஆகாயத்தில் நின்று பார்க்கத்தான் வேண்டுமா என்று யோசியுங்கள். ட்ரோன் பறக்கவிட அனுமதி வேண்டும். இது கடற்படைத் தளமும் சீனன்குடா விமானத்தளமும் இருக்கிற இடம், விளையாட வேண்டாம். கோட்டுக்கும் கோட்டுக்கும் நடுவில் இரண்டு பேர் நடக்கிற அகலம் விட்டுக் கீறுங்கள். சின்னப்பிள்ளைகள் அதற்குள் ஓடுவார்கள். படத்தை அவர்கள் காலால் பார்க்கட்டும்.

6. மணலைக் குவித்துச் சிற்பம் செய்வது வேறு வேலை. இதே வங்கக் கடலின் மறுகரையில், ஒடிசாவின் பூரியில், சுதர்சன் பட்நாயக் அதைச் செய்கிறார். 2014இல் பத்மஸ்ரீயும் கொடுத்தார்கள். மணல், தண்ணீர், இறுக்கி மிதித்தல், மேலிருந்து கீழாகச் செதுக்குதல். பழகலாம். எனக்குக் குவியலில் அவ்வளவு பிரியமில்லை, அது என் குணம்.

7. கறுப்பு மணலைக் கவனியுங்கள். புல்மோட்டையில் இல்மனைட் அள்ளுகிறார்கள் என்று தெரியும்தானே. இங்கேயும் சில இடங்களில் அலை அரித்த பிறகு கறுப்பு வரி தெரியும். அது பாரமான மணல். அலை லேசான வெள்ளை மணலை இழுத்துக்கொண்டு போக, அது நின்றுவிடும். வரி விழுந்த இடத்தைத் தேடிப்போய்க் கீறினால் இரண்டு நிறத்தில் படம் வரும். வாளியில் அள்ளிக்கொண்டு வேறு கரைக்குப் போகாதீர்கள். கடற்கரை மணலை அள்ளினால் கலை என்று சொல்லித் தப்ப முடியாது.

8. இனி மரம். கரைக்கு வருகிற மரத்துக்கும் ஊர் உண்டு. மகாவலி மூதூர்ப் பக்கம் கொட்டியாரக் குடாவில் விழுகிறது. வெள்ளம் வந்தால் மலைநாட்டு மரமும் வேரோடு இறங்கி வரும். 2020 டிசம்பர் 2ஆம் திகதி இரவு திருகோணமலைக்கும் முல்லைத்தீவுக்கும் இடையில் புரவிப் புயல் கரை ஏறியபின் குச்சவெளிப் பக்கம் போய்ப் பார்த்தேன்: தென்னை, பனை, பூவரசு, உடைந்த வாடிக் கப்பு. பாலையை நம்பிப் போகாதீர்கள். அது தண்ணீரில் தாழும் மரம், மிதந்து வராது. தென்னையில் செதுக்கப் பார்ப்பீர்கள். நார் பிரிந்து உளியை இழுக்கும். அதை ஆசனமாகப் போட்டுவிட்டு வேறு கட்டை தேடுங்கள். வேரடி கிடைத்தால் விடாதீர்கள். வேர் முறுகிய இடத்தில் மரம் பிளக்காது.

சவண்டலைத் துண்டு கிடைத்தால் என்னிடம் கொண்டுவந்து காட்டுங்கள். சிங்களத்தில் ஹல்மில்ல. ஆங்கிலேயர் இதற்கு வைத்த பெயரே திருகோணமலை மரம். இந்தத் துறைமுகத்தால் ஏற்றுமதியானதால் வந்த பெயர். சென்னையில் துறைமுகம் கட்ட முன்னர், கரையைவிட்டுத் தள்ளி நின்ற கப்பலிலிருந்து ஆளையும் சாமானையும் அலைக்கு மேலால் கரைக்குக் கொண்டுவந்தவை மசூலாப் படகுகள். ஆணி இல்லை, பலகைகளைக் கயிற்றால் தைத்திருப்பார்கள், அலை அடிக்கும்போது படகே வளைந்து கொடுக்கும். அந்தப் படகுக்குப் போனது நம் ஊர்ச் சவண்டலை. லேசு, உறுதி, வளையும். பழைய வீட்டுச் சலாகையாகவோ வள்ளத்துப் பலகையாகவோதான் இப்போது கண்ணில் படும். அப்படி ஒன்று கிடைத்தால் முகம் மூக்கு செதுக்கிக் கெடுக்காமல், கோடு இரண்டு வெட்டிவிட்டு நிறுத்தினாலே அழகு.

9. பூச்சு அடித்த மரம், துளை போட்ட மரம், இலக்கம் எழுதிய மரம்: இவற்றைக் கண்ட உடனே தூக்கிக்கொண்டு வராதீர்கள். எழுத்து மேலே தெரியப் புரட்டி வைத்துவிட்டு, பக்கத்து வாடியில் சொல்லிவிட்டு வாருங்கள். ஒரு மாதம் கழித்தும் அங்கேயே கிடந்தால் எடுங்கள்.

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பிறகு மாதக்கணக்கில் கரையெல்லாம் மரம். அதற்கு நாலு வருடத்துக்கு முன், 2000ஆம் ஆண்டு அதே 26ஆம் திகதிதான் புயல் வந்து கூரைகளைக் கொண்டுபோனது. இந்த முறை கடலே வந்துவிட்டது. கதவு நிலை, மேசைக் கால், வள்ளம் வள்ளமாக உடைசல். நீலப் பூச்சில் மஞ்சள் கோடு போட்ட ஒரு அணியத் துண்டை நான் எடுத்து வந்து, வீட்டு வாசலில் வைத்துப் பறவை ஒன்று செதுக்கத் தொடங்கினேன். தலையும் கழுத்தும் முடிந்திருந்தது. தெருவால் போன ஒரு அம்மா நின்றார். பறவையைப் பார்க்கவில்லை. மஞ்சள் கோட்டைத்தான் பார்த்தார். "இது எங்கட வள்ளம்" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை, தரச் சொல்லிக் கேட்கவுமில்லை. பின்னேரம் நானே சைக்கிளில் கட்டிக்கொண்டுபோய்க் கொடுத்தேன். கொஞ்சக் காலம் கழித்து அந்தப் பக்கம் போனபோது, அதைத் தண்ணீர்ப் பானை வைக்கும் பலகையாக்கியிருந்தார். பாதிப் பறவை சுவர்ப் பக்கம் திரும்பி இருந்தது.

10. கடல்மரத்தை உடனே உளியில் வைக்காதீர்கள். உப்பு ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். மரம் காயாது, உளி கறளாகும். தொட்டியில் நல்ல தண்ணீரில் போட்டு, கிழமைக்கொருமுறை தண்ணீரை மாற்றி, நாக்கில் வைத்தால் உப்புத் தெரியாத வரைக்கும் ஊறவிடுங்கள். பிறகு நிழலில் காயவையுங்கள். வெயிலில் வைத்தால் வெடிக்கும். வயர் பிரஷால் மணலைத் தட்டி எடுங்கள். ஒரு மணற்துகள் போதும், தீட்டிய உளியின் வாய் போய்விடும். ஆணி தேட, பழுதான ஸ்பீக்கரின் காந்தத்தை நூலில் கட்டி மரத்தின் மேலால் கொண்டுபோங்கள். செப்பாணியைக் காந்தம் காட்டாது. பச்சைக் கறை தெரிகிற இடத்தில் நீங்களே கவனம். பழைய போட் பூச்சில் நஞ்சு இருக்கும். முகமூடி இல்லாமல் தேய்க்க வேண்டாம். மிஞ்சிய உப்புக் கட்டையை அடுப்பில் வைத்து மீன் சுடவும் வேண்டாம், அந்தப் புகையும் நஞ்சுதான்.

பெரிய வெட்டுக்கு வாய்ச்சி, பிறகு கொட்டாப்புளியும் உளியும். கடற்புழு அரித்த துளைகளை மெழுகு வைத்து அடைக்கிறவர்கள் இருக்கிறார்கள். என்ன அவசரமோ தெரியாது. அந்தத் துளைகளுக்காகத்தானே அந்தக் கட்டையைத் தூக்கி வந்தோம்.

11. கண்டலில் கை வைக்காதீர்கள், காய்ந்து நின்றாலும். பவளக்கல் வேண்டாம். முதிரையோ வேறு காட்டுமரமோ ஒதுங்கியிருந்தால் முதலில் விதானையாரிடம் போங்கள். பெர்மிட் இல்லாமல் லான்ட்மாஸ்டரில் மரம் ஏற்றிக்கொண்டு போனால், கடல் தந்தது என்ற கதையை வழியில் மறிக்கிறவர் கேட்கமாட்டார்.

12. வாற ஞாயிறு விடிய நாலரைக்கு அலஸ்தோட்டம் பக்கம் வாருங்கள். வாடியில் நான் சொல்லி வைக்கிறேன். விறாண்டி இரண்டு போதும், ஆறு வேண்டாம். கயிறு என்னிடம் உண்டு. ஆளுயரப் பலகை ஒன்று யாராவது கொண்டுவாருங்கள். இரண்டு பக்கமும் கயிறு கட்டி இழுத்தால் ஏழு மணிக்கு எல்லாவற்றையும் மட்டமாக்கிவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போகலாம்.